பல்சக்கரம்

வாளையாரில் காற்றுக்கு லீவு கிடையாது.
மலை விட்ட சந்தில் நுழைந்து
மேசைமேல் இருப்பதை
இந்த மாநிலத்துக்கோ அந்த மாநிலத்துக்கோ
கேட்காமல் கொண்டுபோகும்.
அதனால் எனக்கு முதலில் வாய்த்த ஆயுதம் பேனா இல்லை,
ஒரு பல்சக்கரம்.
கியர்பெட்டி உடைந்து இரண்டு நாள் கிடந்த
நெல்லூர் லாரிக்காரர் சுப்பராயுடு
‘காகிதம் பறக்குதேம்மா’ என்று தந்துவிட்டுப் போனது.
நாலு பல் இல்லை அதற்கு.

பதினோரு வருஷம் அதனடியில் படிவங்கள்.
வெங்காயம், டைல்ஸ், கோழித்தீவனம்,
ஒருமுறை ஆளில்லாமல்
ஒரு சர்க்கஸ் கூடாரம் மட்டும்.
மூன்று பிரதி, பத்து ரூபாய்.
‘குமுதா எழுதினா திரும்பி வராது’ என்று
ஓட்டுநர்களிடம் ஒரு பேச்சு இருந்தது.
பெருமைதான். இப்போதும் சொல்லிக்கொள்வேன்.

வரிசை மூன்று கிலோமீட்டர் நிற்கும்.
அதை நம்பி இட்லி வெந்தது,
பஞ்சர் ஒட்டியது,
ஷாஜஹானின் கட்டணக் குளியலறையில்
தண்ணீர் ஓடியது.
நாட்டுக்கு அது நெரிசல்.
எங்களுக்கு வயல்.

ஜூலை ஒன்றாம் தேதி
தடுப்புக்கட்டை தூக்கியபடியே நின்றது.
நிற்காமல் போனார்கள்.
சிலர் ஹாரன் அடித்தார்கள், கையாட்டினார்கள்.
பழகிய முகங்களை
எண்பது கிலோமீட்டர் வேகத்தில்
அன்றுதான் பார்த்தேன்.

பிறகு என்ன செய்தாய் என்றால்
கோர்வையாகச் சொல்ல வராது.
கடலை அவித்தேன்,
நிற்காத வண்டிக்கு யார் கடலை விற்பது.
கஞ்சிக்கோட்டில் பாட்டிலுக்கு மூடி திருகினேன்,
எட்டாம் மாதம்
திருகுகிற மெஷின் வந்து இறங்கியது.
நாங்கள்தான் அட்டைப்பெட்டியைப் பிரித்தோம்.
ஒரு மழைக்காலம் முழுக்க
ஒன்றுமே செய்யவில்லை.
அதையும் எழுதத்தான் வேண்டும்.
படுத்துக் கிடந்தேன்.
ரேஷன் அரிசி, அண்ணியின் வாய்.

பஞ்சாயத்து மண்டபத்தில் பயிற்சி என்று கூப்பிட்டார்கள்.
திரையில் ஒரு மூங்கில்
வளைந்தது, ஒடியவில்லை.
‘மாற்றத்தைத் தழுவுங்கள்’ என்றார் நீலச்சட்டைக்காரர்.
பின்வரிசையிலிருந்து கன்னியம்மா,
‘நாங்க எங்கீங்க தழுவறது,
அதுதான் கழுத்தக் கட்டிக்கிட்டு உடமாட்டேங்குது.’
மண்டபமே சிரித்தது. அவரும்.
சுண்டல் நன்றாக இருந்தது.

ஒருநாள் இரவு பதினொன்றரைக்கு
சுப்பராயுடு கூப்பிட்டார்.
‘அம்மா, குதிரான் தாண்டி ஆக்ஸில் போச்சு.
சரக்கை வேற வண்டிக்கு மாத்தணும்.
ஆபீஸ்ல எவனும் எடுக்கல.
பன்னண்டு மணிக்கு பில்லு செத்துடும்.’
எனக்கு அந்த பில்லைத் தெரியாது.
கட்டம் தெரியும்.
எந்த எண் எங்கே உட்காரும்,
எந்த எழுத்துப்பிழைக்கு அபராதம் விழும்,
அது விரலில் இருந்தது.
அவர் பாஸ்வேர்டைச் சொல்ல
நான் தப்பாக அடிக்க
அவர் தெலுங்கில் சாமியைக் கூப்பிட,
பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு
புது வண்டி எண் ஏறியது.

மறுவாரம் அவர் முதலாளி பேசினார்.
இப்போது ஆறு லாரி ஆபீஸ்களுக்கு
இரவில் நான்.
சாவடியை மூடவில்லை,
என் கைப்பேசிக்குள்
குடிவைத்துவிட்டார்கள் போல.
தூக்கம்தான் கட்டணம்.

அடுத்த வருஷம் இதையும்
தானாகச் செய்யும் ஒன்று வருமாம்.
வரட்டும்.
பயமில்லை என்றால் பொய்.
பழைய நோட்டில் எல்லா ஓட்டுநர் எண்ணும் இருக்கிறது,
இந்தி கொஞ்சம் சரளமாகிவிட்டது,
இன்ஷூரன்ஸ் க்ளைம் எப்படி எழுதுவதென்று
பகலில் ஒருத்தரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.
பிடிக்கவில்லை. ஆனால் கேட்கிறேன்.

சக்கரம் மேசைமேல் படுத்திருக்கிறது.
பல் போன பள்ளத்தில் மூலையை மாட்டிக்கொண்டு
கைப்பேசி சுவரில் சாய்ந்து நிற்கும்.
நாலு பல்லும் இருந்திருந்தால் நிற்காது.

காகிதம் ஒன்றுகூட இல்லை இப்போது.
ஆனாலும் ஜன்னல் படீரென்று அடித்தால்
உள்ளங்கை ஓடிப்போய்
மேசையை அழுத்துகிறது,
ஒன்றுமில்லாத இடத்தில்.